டிவியில் சரி, டைம்லைனில் தப்பு: தாத்தாவின் 41 நொடி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு கொஞ்சம் டெக்னிக்கலான எபிசோடு. ஆனா நடுவில் என் தாத்தா வருவார், அதனால் பயந்து ஸ்கிப் பண்ணிடாதீங்க.

நான் வீடியோ எடிட்டர். சென்னையில் வேலை. கார்ப்பரேட் வீடியோ, யூடியூப் பேட்டி, எப்பவாவது ஒரு குறும்படம். எனக்கு அடிக்கடி வரும் வாட்ஸ்அப் மெசேஜ் ஒண்ணு இருக்கு: "வீடியோ போன்ல நல்லா ஓடுது, எடிட்டிங்ல போட்டா மட்டும் சொதப்புது. ஃபைல் கரப்ட் ஆயிடுச்சா?" பெரும்பாலும் ஆகியிருக்காது. அதை நான் ரொம்ப அலட்சியமா எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கே நடக்கிற வரைக்கும்.

2024-ல் என் சித்திக்குக் கல்யாணமாகி 30 வருஷம். அதுக்கு ஒரு பத்து நிமிஷ வீடியோ பண்ணலாம்னு முடிவாச்சு. விருதுநகரில் நடந்த கல்யாணம், 1994. ஒரே ஒரு விஎச்எஸ் கேசட். சித்தி வீட்டுப் பரணில், பழைய புடவையில் சுத்தி வச்சிருந்தாங்க.

அந்தக் காலத்துக் கல்யாண கேசட் பார்த்திருக்கீங்களா? முகூர்த்தத்திலிருந்து பந்தி வரைக்கும் எல்லாத்துக்கும் மேல சினிமாப் பாட்டுதான். மேளச் சத்தம் இருக்காது, யாரும் பேசறது கேட்காது. இதயம் மாதிரி ஒரு வடிவத்துக்குள்ள மாப்பிள்ளை பொண்ணு சுத்தி சுத்தி வருவாங்க. எங்க கேசட்டும் அப்படித்தான், ஒரு இடத்தைத் தவிர. ஒரு மணி நாற்பத்திரண்டாவது நிமிஷத்தில் ஒரு பாட்டு முடியுது, அடுத்த பாட்டு ஆரம்பிக்கல. அந்த இடைவெளியில் என் தாத்தா, அதாவது அம்மாவோட அப்பா, மண்டப வாசலில் நின்று கேமராவைப் பார்த்துப் பேசறார். 41 நொடி. தாத்தா 1997-ல் இறந்துட்டார். நான் பிறந்தது அதுக்கு அடுத்த வருஷம். அவர் குரல் வேற எங்கேயும் பதிவாகல. வீட்டில் போட்டோ இருக்கு, கையெழுத்து இருக்கு. குரல்னு பார்த்தா இந்த 41 நொடிதான்.

சரி, கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வரணும். ரிச்சி தெருவில் ஒரு யூஎஸ்பி கேப்சர் டாங்கிள் வாங்கினேன். விசிஆர் கிடைத்தது அம்பத்தூரில், தோழியோட மாமா வீட்டில். அவர் முன்னாடி கல்யாண வீடியோ எடுத்தவர். கேசட்டை வெளிச்சத்தில் பிடிச்சு, சின்ன ஜன்னல் வழியா டேப்பைப் பார்த்தார். ஓரத்தில் வெள்ளையா பூஞ்சை. "இதை நாலஞ்சு தடவை ஓட்டலாம்னு நினைக்காதம்மா. ஹெட்ல ஒட்டிக்கும், டேப்பும் மடங்கிடும். ஓட்டுறதை ஒழுங்கா ஓட்டு" என்றார். அவரே திறந்து, முடிந்தவரை துடைச்சுக் கொடுத்தார்.

முதல் தடவை ஓட்டினேன். டாங்கிளோடு வந்த மென்பொருளிலேயே பதிவு. எம்பி4. ஒன்றே முக்கால் மணி நேரம் கழிச்சு, தாத்தா பேசி முடிச்ச கொஞ்ச நேரத்தில், கரண்ட் போச்சு. லேப்டாப்பில் பேட்டரி செத்து ஆறு மாசம் ஆகுது, ப்ளக் போட்டாத்தான் ஓடும். (இதைச் சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு.) கரண்ட் வந்ததும் பார்த்தா ஃபைல் இருக்கு, 4 ஜிபிக்கு மேல சைஸ் காட்டுது, ஆனா எதிலும் திறக்கல.

ஏன் தெரியுமா? எம்பி4 ஃபைலுக்கு ஒரு பொருளடக்கம் உண்டு. எந்த ஃபிரேம் எங்கே இருக்கு, எத்தனை நேரம் நிற்கணும், சத்தம் எங்கே ஆரம்பிக்குது, எல்லாம் அதில்தான். பதிவு பண்ணும்போது அது வழக்கமா கடைசியில்தான் எழுதப்படும், ஏன்னா முடியும்வரைக்கும் மொத்தம் எவ்வளவுன்னு தெரியாது. நடுவில் கரண்ட் போனா பக்கம் எல்லாம் இருக்கும், பொருளடக்கம் இருக்காது. இதைச் சரி பண்ண 'அன்ட்ரங்க்' மாதிரி கருவிகள் இருக்கு. அதே கருவியில் எடுத்த ஒரு நல்ல ஃபைலைக் காட்டினா, அதை மாதிரியா வச்சு உடைஞ்சதை மீட்கப் பார்க்கும். சில சமயம் மீட்கும். எனக்கு மீட்கல.

எம்கேவி ஃபார்மட் இந்த விஷயத்தில் தைரியசாலி. பாதியில் நின்னாலும் அதுவரை எழுதினது ஓடும். அதனால்தான் ஓபிஎஸ்ஸில் பதிவு பண்றவங்க கிட்ட "எம்கேவி-ல எடு, அப்புறம் எம்பி4-ஆ மாத்திக்கோ"ன்னு காலங்காலமா சொல்றாங்க. இதையும் நான் மத்தவங்களுக்குச் சொல்லியிருக்கேன். சொல்லியிருக்கேன், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை. இந்த முறை மாமா வீட்டிலேயே, யூபிஎஸ் வச்சு, கேசட் முழுக்க. ஃபைல் திறந்தது. நிம்மதி. எடிட்டிங் மென்பொருளில் போட்டு, தாத்தா வர்ற இடத்தை மட்டும் வெட்டி அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழிச்சு போன்.

"ஏண்டி, இது என்ன, வாய் ஒண்ணு பேசுது, குரல் ஒண்ணு பேசுது. டப்பிங் படம் மாதிரி இருக்கு. எங்கப்பா மாதிரியே இல்ல."

பார்த்தேன். உதடு முதலில் அசையுது, குரல் கிட்டத்தட்ட 2 நொடி கழிச்சு வருது. கேசட்டோட ஆரம்பத்தில் சரியாத்தான் இருக்கு, போகப்போகத் தள்ளிப்போகுது. போதாக்குறைக்கு, பதினாறுக்கு ஒன்பது டைம்லைனில் படத்தை இழுத்து நிரப்பியிருந்தேன். சித்தி வேற, "நான் அப்ப இவ்ளோ குண்டாவா இருந்தேன்?"னு குரூப்பில் கேட்டுட்டாங்க.

எனக்கு உடனே தோணினது, கேப்சரில் தப்பு, மறுபடி ஓட்டணும். மாமாவுக்கு போன் பண்ணி நாளும் குறிச்சாச்சு. ஆனா அவர் சொன்ன பூஞ்சை மனசில் ஓடிக்கிட்டே இருக்கு. மூணாவது தடவையில் சரியா ஒரு மணி நாற்பத்திரண்டில் டேப் மடங்கினா?

அதுக்கு முந்தின நாள் ராத்திரி அம்மா மறுபடி கூப்பிட்டாங்க. கேப்சர் பண்ணின முழு ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டு அவங்க கிட்ட ஏற்கனவே கொடுத்திருந்தேன். அதை டிவியில் சொருகிப் பார்த்திருக்காங்க. "நீ வெட்டி அனுப்பினதுலதான் தப்பா இருக்கு. இதுல அப்பா சரியாத்தான் பேசுறாரு."

நான் நம்பல. அதே ஃபைலை விஎல்சியில் போட்டுப் பார்த்தேன். சரியா இருக்கு! உதடும் குரலும் ஒண்ணா. அதே ஃபைல், டைம்லைனில் போட்டா 2 நொடி தப்பு.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா நீங்க போனில் எடுக்கிற வீடியோவுக்கும் இதேதான்.

நம்ம ஊர் விஎச்எஸ் பால் முறையில் பதிவானது. நொடிக்கு 25 ஃபிரேம். டேப் கசங்கின இடத்தில், பூஞ்சை இருக்கிற இடத்தில், சிக்னல் தடுமாறும். அப்ப டாங்கிள் ஒன்றிரண்டு ஃபிரேமை விட்டுடும். சத்தம் மட்டும் நிற்காம ஓடும். ஃபைலில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு நேர முத்திரை உண்டு: நீ இத்தனாவது நொடியில் வா, அப்படின்னு. விஎல்சியும் டிவியும் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் காட்டும். நடுவில் ஒரு ஃபிரேம் இல்லையா, பழைய ஃபிரேமையே கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தி வைக்கும். நமக்குத் தெரியாது.

எடிட்டிங் மென்பொருளோட டைம்லைன் அப்படி இல்ல. அது ஸ்கேல் மாதிரி. சம இடைவெளியில் கோடு போட்டிருக்கும். நொடிக்கு 25 கோடு, ஒரு கோட்டுக்கு ஒரு ஃபிரேம். பல மென்பொருள்கள் முத்திரையைப் பெருசா மதிக்காம, வர்ற ஃபிரேமை வரிசையா அடுக்கிடும். இடையில் 50 ஃபிரேம் காணோம்னா, பின்னாடி இருக்கிற எல்லாம் 50 கோடு முன்னாடி நகர்ந்து உட்காரும். 50 ஃபிரேம் என்பது 2 நொடி. தாத்தாவோட உதடு முன்னாடி ஓடினது இதனால்தான்.

மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. வீடியோ ஃபைலைக் கொடுத்தா உள்ளே இருக்கிறதை எல்லாம் எழுதிக் காட்டும். அதில் 'ஃபிரேம் ரேட் மோட்' என்று ஒரு வரி. 'கான்ஸ்டன்ட்' என்றிருந்தா நிம்மதி. என்னுடையதில் 'வேரியபிள்'. சராசரி 24.992. எட்டாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்னு விட்டுடத் தோணும், ஆனா கணக்குப் போட்டா அதுவே ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் 2 நொடி ஆயிடுது... இல்ல, எட்டாயிரம் இல்ல, மூவாயிரத்தில் ஒரு பங்கு. பேசிக்கிட்டே கணக்குப் போட்டா இப்படித்தான்.

உங்க போனும் இதே ஆள்தான். வெளிச்சம் குறைஞ்சா, சூடானா, போன் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் இன்னும் மோசம், திரையில் ஒண்ணும் நகரலைன்னா பல போன்கள் புது ஃபிரேமே எழுதாது. சில எடிட்டிங் மென்பொருள்கள் இப்ப இதை ஓரளவு சமாளிக்குது. நான் அதை நம்பி ஒரு மணி நேரப் பேட்டியை ஒப்படைக்க மாட்டேன்.

இதில் நான் செஞ்ச முட்டாள்தனம் ஒண்ணு: காரணம் தெரியறதுக்கு முன்னாடி, சத்தத்தோட வேகத்தை 100.03 சதவீதம்னு மாத்திப் பார்த்தேன். இந்த வித்தை சில நேரம் பலிக்கும். உதாரணத்துக்கு 29.97-ல் எடுத்ததை 30-ன்னு மென்பொருள் தப்பா எடுத்துக்கிட்டா, ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி சீரா விலகும், வேகத்தை மாத்தினா சேர்ந்துடும். ஆனா டேப் சேதத்தில் விலகல் சீரா வராது. பத்து நிமிஷம் ஒண்ணும் ஆகாது, திடீர்னு ஒரே இடத்தில் அரை நொடி தாவும். ஒரு இடத்தில் சேர்த்தா இன்னொரு இடத்தில் பிரியும். ஒரு முழு ராத்திரி போச்சு.

அப்ப வழி என்ன? ஃபைலுக்குள் நேரம் சரியா இருக்கு. அதை மதிச்சு, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு ஃபிரேம் இருக்கிற மாதிரி புது ஃபைல் எழுதணும். காணாமப் போன இடத்தில் முந்தின ஃபிரேமை நகல் எடுத்து வைக்கணும். இதுதான் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்'டுக்கு மாத்துறது. ஹேண்ட்பிரேக்கில் ஒரு பட்டன். எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு வரி. டேப்பைத் தொடவே வேண்டாம்.

ராத்திரி பதினொண்ணரைக்கு மாமாவுக்கு மெசேஜ் போட்டேன், நாளைக்கு வரலைன்னு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துடலாம். "எம்பி4-தானே, ஏன் திறக்கல?"னு கேட்பாங்க. எம்பி4 என்பது டிபன் பாக்ஸ். உள்ளே சாம்பார் சாதமா தயிர் சாதமான்னு பாக்ஸைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கிறதுதான் கோடெக்: எச்.264, எச்இவிசி, இப்படி. எடிட்டிங் மென்பொருள் அடம் பிடிக்கிறது சில நேரம் பாக்ஸைப் பார்த்து, சில நேரம் சாப்பாட்டைப் பார்த்து. எம்கேவி வேண்டாம்னு சொன்னா பாக்ஸை மட்டும் மாத்தினாப் போதும், அதுக்குப் பேர் ரீமக்ஸ். ஓபிஎஸ்ஸிலேயே 'ரீமக்ஸ்' என்று ஒரு மெனு இருக்கு. கமாண்ட் பழக்கம் உள்ளவங்களுக்கு: எஃப்எஃப்எம்பெக், மைனஸ் ஐ, ஃபைல் பேர், மைனஸ் சி, காப்பி, புதுப் பேர். ஒரு மணி நேர வீடியோ சில நொடியில் முடியும், தரம் துளியும் குறையாது, ஏன்னா மறுபடி சமைக்கல. ஆனா நேரச் சிக்கலை ரீமக்ஸ் தீர்க்காது. நகல் ஃபிரேம் போடணும்னா மறுபடி சமைச்சே ஆகணும்.

மறுபடி சமைக்கிறதுன்னா எதில்? திரும்ப எச்.264-க்கா? அதில் ஒரு பிரச்சினை. அது வகுப்பு வருகைப் பதிவேட்டை ஒரு சோம்பேறி டீச்சர் எழுதற மாதிரி. திங்கள்கிழமை முழுசா எழுதுவார். செவ்வாய், "நேத்து மாதிரியே, ரெண்டு பேர் மட்டும் லீவு." புதன், "அதே, அதில் ஒருத்தன் வந்துட்டான்." இடம் மிச்சம். ஆனா வெள்ளிக்கிழமை யார் யார் வந்தாங்கன்னு கேட்டா திங்களிலிருந்து படிக்கணும். நீங்க டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது கம்ப்யூட்டர் பண்றது இதைத்தான். அதனால்தான் திணறுது. ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் மாதிரியான கோடெக்குகளில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுசா இருக்கும். எடிட்டிங் வெண்ணெய் மாதிரி ஓடும். விலை, இடம். முழு எச்டி, நொடிக்கு 25 ஃபிரேம், ப்ரோரெஸ் 422 என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 55 ஜிபி.

நான் ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் ப்ரோரெஸ்ஸுக்கு மாத்தினேன். மாத்தும்போதே இன்னும் இரண்டு வேலை. ஒண்ணு, பழைய டிவி சிக்னல் ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாப் பிரிச்சு அனுப்பும்: ஒற்றை வரிகள் முதலில், இரட்டை வரிகள் பிறகு. கம்ப்யூட்டரில் அப்படியே பார்த்தா, கை அசையற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடா இருக்கும். இதை டீஇன்டர்லேஸ் பண்ணணும், அதுவும் படத்தைப் பெரிசு பண்றதுக்கு முன்னாடி. முதலில் பெரிசு பண்ணிட்டா அந்தக் கோடுகள் ஒண்ணோட ஒண்ணு கலந்து, பிறகு பிரிக்கவே முடியாது. ஒரு பாதிக்கு ஒரு ஃபிரேம்னு நொடிக்கு 50 ஆகவே வச்சுக்கிட்டேன், அசைவு அந்தக் கால டிவி மாதிரியே வழுக்கிக்கிட்டு வந்தது. 5 ஜிபி ஃபைல் 70-ஐத் தாண்டியது. பரவாயில்ல.

இன்னொண்ணு, சித்தியோட பிரச்சினை. பால் கேப்சர் 720-க்கு 576 புள்ளி. ஆனா அந்தப் புள்ளி சதுரம் இல்ல, கொஞ்சம் அகலம். சதுரம்னு எடுத்துக்கிட்டா எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாத் தெரிவாங்க. அகலத்திரைக்கு இழுத்தா குண்டு. 768-க்கு 576 ஆக்கி, இரண்டு பக்கமும் கறுப்பு விட்டா மனுஷங்க மனுஷங்களா இருப்பாங்க. இதைச் சித்தி கிட்ட விளக்கினேன். "அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார்.

போனில் எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஐபோன் 2017-லிருந்து, ஐஓஎஸ் 11 முதல், எச்இவிசி-யில் பதிவு பண்ணும். பழைய கம்ப்யூட்டர் திணறினா, செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'. அது கோடெக்கை மட்டும்தான் மாத்தும், ஃபிரேம் வேகத்தை நிலையாக்காது. நீளமான பேட்டி என்றால், எடிட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லா ஃபைலையும் மாத்திடுங்க. பாதி வெட்டின பிறகு மாத்தினா, வெட்டின இடமெல்லாம் நகர்ந்து நிற்கும், உங்களுக்கு அழுகை வரும். அப்புறம், கேப்சர் பண்ணின மூல ஃபைலை அழிக்காதீங்க. சரியான நேரம் அதுக்குள்ளதான் இருக்கு. "மாத்தியாச்சே, இது எதுக்கு, இடத்தை அடைக்குது"ன்னு அந்தப் பென் டிரைவை நான் அழிச்சிருந்தா அம்மா டிவியில் எதைப் பார்த்திருப்பாங்க?

மாத்தின ஃபைலை டைம்லைனில் போட்டேன். ஒரு மணி நாற்பத்திரண்டு. பாட்டு முடியுது. தாத்தா கேமராவைப் பார்க்கிறார். அவருக்குப் பக்கத்தில் லைட் பிடிச்சிருக்கிற பையனோட நிழல் ஆடுது. "எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். பந்தி இன்னும் ரெண்டு இருக்கு. மழை வரும்போல, யாரும் அவசரப்பட வேண்டாம்" அப்படின்னு சொல்றார். சாதாரணமாத்தான் பேசறார். கடைசியில் கேமராமேன் பக்கம் திரும்பி, கொஞ்சம் சந்தேகமா, "இது பதிவாகுதா?" உதடும் குரலும் ஒண்ணா.

கல்யாண நாள் அன்று சித்தி வீட்டு ஹாலில் போட்டோம். சித்தி மூணு தடவை ரீவைண்ட் பண்ணச் சொன்னாங்க. அம்மா எதுவும் சொல்லல. சாப்பாடு முடிஞ்சு கிளம்பும்போது என் கையில் ஒரு பை கொடுத்தாங்க. உள்ளே இன்னும் நாலு கேசட்.

அதில் ஒண்ணு மத்ததை விடச் சின்னது, உள்ளங்கை அளவு. மாமா கிட்ட இருக்கிற விசிஆரில் அது போகாது. அதை ஓட்ட எங்கே, என்ன கிடைக்கும்னு இப்ப தேடிக்கிட்டு இருக்கேன்.